லோக்கல் என்றால் எந்த ஊர்?

ஓசூரில் பாகலூர் சாலைப் பக்கமோ தேன்கனிக்கோட்டை சாலைப் பக்கமோ இருசக்கர வாகன உதிரிபாகக் கடை எதன் முன்னாலும் பத்து நிமிடம் நின்றால் போதும், இந்தக் கேள்வி காதில் விழும்: "ஒரிஜினல் தரட்டுமாண்ணா, லோக்கல் போதுமா?" பிரேக் ஷூவோ கிளட்ச் கேபிளோ வாங்க வந்தவர் சட்டைப் பையை ஒருமுறை தொட்டுப் பார்த்துவிட்டு, "லோக்கலே குடுங்க, ஓடுற வரைக்கும் ஓடட்டும்" என்பார்.

அதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. அவர் ஓட்டி வந்தது டிவிஎஸ் வண்டி என்று வைத்துக்கொள்வோம். 1980இல் டிவிஎஸ் 50 மொபெட் பிறந்ததே ஓசூரில்தான். அந்தத் தொழிற்சாலை இன்றும் அங்கேயே இயங்குகிறது. அதற்குப் பாகங்கள் செய்து தரும் சிறு பட்டறைகள் சிப்காட் தொழிற்பேட்டை வளாகங்களிலும் அவற்றைச் சுற்றியும் நிறைந்திருக்கின்றன. அப்படியானால் கம்பெனி முத்திரையோடு வரும் 'ஒரிஜினல்' பாகம் உள்ளூர்ச் சரக்காக இருக்க எல்லா வாய்ப்பும் உண்டு. 'லோக்கல்' என்று விற்கப்படும் பாகமோ செய்த ஊரின் பெயர்கூட இல்லாத பாக்கெட்டில், பெரும்பாலும் ஏதோ வெளிமாநில மொத்தச் சந்தையிலிருந்து லாரி ஏறி வந்திருக்கும். ஓசூர்க் கடையில் உள்ளூரில் செய்தது ஒரிஜினல், எங்கிருந்தோ வந்தது லோக்கல். கடைக்காரருக்கும் இது தெரியும், வாங்குபவருக்கும் தெரியும். இருவருக்கும் குழப்பம் ஏதுமில்லை.

இடம் என்று பொருள்படும் லத்தீன் சொல்லிலிருந்து ஆங்கிலத்துக்கு வந்த பெயரடை 'லோக்கல்'. தமிழ்ப் பேச்சில் அது இடத்தை விட்டு என்றோ இறங்கிவிட்டது. இப்போது அது குறிப்பது தகுதியை.

பழைய பொருள் முழுக்கச் செத்துவிடவில்லை. லோக்கல் பஸ், லோக்கல் சேனல், தேர்த் திருவிழாவுக்கு மாவட்ட ஆட்சியர் அறிவிக்கும் லோக்கல் ஹாலிடே, எஸ்டிடி பூத் காலத்து லோக்கல் கால், பல் பிடுங்கும்போது போடும் லோக்கல் அனஸ்தீசியா என்று சாதுவான இடங்களில் அது இன்னும் வெறும் இடப்பெயரடையாகவே வேலை செய்கிறது. வினையடையாகி 'லோக்கலா' என்று நீளும்போதுதான் நிறம் மாறும். "கல்யாணத்துக்கு இந்தச் சட்டையா? ரொம்ப லோக்கலா இருக்கு." "அவன் பேச்சே லோக்கலா இருக்கும், நீங்க கண்டுக்காதீங்க." பஞ்சாயத்து முற்றும்போது வரும் எச்சரிக்கை இன்னும் அழகு: "என்னை லோக்கலா இறங்க வச்சிடாதீங்க சார்." கவனிக்க வேண்டியது அந்த 'இறங்க'. லோக்கலுக்கு யாரும் ஏறிப் போவதில்லை.

பிறரைச் சொன்னால் இழிவு, தன்னைச் சொல்லிக்கொண்டால் கெத்து என்பது இச்சொல்லின் இன்னொரு குணம். "நாங்க பக்கா லோக்கல்" என்று மார்தட்டும் இளைஞர், அதே சொல்லை மாமனார் வீட்டில் தன்னைப் பற்றிக் கேட்டால் சும்மா இருக்கமாட்டார். சினிமா இந்தப் பெருமையைத்தான் விற்றது. 2015இல் வந்த 'மாரி' படத்தின் ஒரு பாட்டு 'தர லோக்கல்' என்ற பிரயோகத்தைத் தமிழ்நாடு முழுக்கக் கொண்டுபோனது. 2019இல் சிவகார்த்திகேயன் படத்தின் பெயரே 'மிஸ்டர் லோக்கல்'. லோக்கலாக இருப்பதைக் கொண்டாட நட்சத்திரத்தால் முடியும். படப்பிடிப்பு முடிந்தால் அவர் லோக்கலாக இருக்க வேண்டியதில்லை.

இதைத் தமிழர்களின் தாழ்வு மனப்பான்மை என்று எழுதிவிட்டு நகர்ந்துவிடலாம். ஆனால் நைஜீரிய ஆங்கிலத்திலும் ஒருவரை லோக்கல் என்றால் நாகரிகம் தெரியாதவர் என்றுதான் அர்த்தம். ஆங்கிலம் ஆட்சி மொழியாகப் போய் உட்கார்ந்த இடங்களில், இந்த ஊருக்கு உரியது என்பதும் மட்டமானது என்பதும் ஒரே சொல்லுக்குள் போய் அடைந்திருக்கின்றன. அம்மொழி பிறந்த இங்கிலாந்தில் அப்படி இல்லை. அங்கே ஒருவர் 'என் லோக்கல்' என்றால் தெருமுனையில் வழக்கமாகப் போகும் மதுக்கூடத்தைப் பாசத்தோடு சொல்கிறார் என்று பொருள். நம்மூரிலும் 'லோக்கல் சரக்கு' மதுவைத்தான் குறிக்கிறது, பாசம் மட்டும் இல்லை. அமெரிக்காவில் கதை இன்னும் ஒரு படி மேலே. அக்கம்பக்கத்தில் விளைந்ததை மட்டுமே உண்பவரைக் குறிக்கும் 'லோக்கவோர்' என்ற புதுச்சொல்லை நியூ ஆக்ஸ்ஃபோர்ட் அமெரிக்கன் அகராதி 2007ஆம் ஆண்டின் சொல்லாகத் தேர்ந்தெடுத்தது. அங்கே லோக்கல் தக்காளிக்கு விலை கூடுதல்.

தமிழுக்கும் இந்த ஏற்ற இறக்கம் புதிதல்ல. ஆங்கிலேயர் காலத்தில் 'சீமை' உயர்வு, 'நாட்டு' தாழ்வு. சீமை ஓடு போட்ட வீட்டுக்குப் பெண் கொடுக்க யோசிக்கமாட்டார்கள். நாட்டு ஓடு போட்ட வீடு என்றால் யோசிப்பார்கள். 'சுத்த நாட்டுப்புறம்' என்பது வசவு. இன்றைய நிலை தலைகீழ். நாட்டுக்கோழி முட்டை, நாட்டுச் சர்க்கரை, நாட்டு மாட்டுப் பால் என்று எதன் முன்னால் அந்தச் சொல்லை ஒட்டினாலும் விலை ஏறுகிறது. மருத்துவர்களும் யூடியூப் சமையல்காரர்களும் சேர்ந்து அந்தப் பெயரடையைத் தூக்கி நிறுத்திவிட்டார்கள். ஆனால் அதே கோழியை 'லோக்கல் கோழி' என்று பலகை வைத்து விற்றுப் பாருங்கள், ஈ ஓட்ட வேண்டியதுதான். பொருள் ஏறக்குறைய ஒன்றே. கௌரவம் மட்டும் இரண்டு.

கிருஷ்ணகிரி மாவட்டத்தில் இந்தக் கௌரவம் பெரும்பாலும் வடக்கே பார்த்தே நிற்கிறது. அலகுபோல் மூக்கு நீண்ட தோத்தாபுரி மாம்பழத்துக்குத் தமிழில் கிளிமூக்கு என்ற அழகான பெயர் உண்டு. கிருஷ்ணகிரி, பர்கூர், போச்சம்பள்ளி சுற்றுவட்டாரத்தில் விளைந்து, இங்குள்ள கூழ் ஆலைகளில் அரைபட்டு, டப்பாவில் அடைபட்டு அரபு நாடுகளுக்கும் ஐரோப்பாவுக்கும் போகும் அந்தப் பழத்தை மண்டியில் அழைப்பது 'பெங்களூரா' என்று. ராயக்கோட்டை, கெலமங்கலம் வட்டாரத்தில் தக்காளி கொட்டிக் கிடக்கிறது. ஆனாலும் தமிழ்நாட்டுக் காய்கறிக் கடைகளில் கெட்டித் தோல் ரகத்தின் பெயர் 'பெங்களூர்த் தக்காளி'. சௌசௌவுக்குப் பெயர் பெங்களூர்க் கத்தரிக்காய். பக்கத்து நகரத்தின் பெயரை வாங்கிக்கொண்டால்தான் காய்க்கும் பழத்துக்கும் மதிப்பு.

ரோஜாவில் இது இன்னும் துல்லியம். ஓசூரைச் சுற்றியுள்ள பசுமைக்குடில்களில் 'தாஜ்மகால்' என்ற சிவப்பு ரகம் பிரபலம். காதலர் தினம் நெருங்கும்போது தண்டின் நீளம், மொட்டின் அளவு, இதழில் கீறல் என்று ஒவ்வொன்றாகப் பார்த்துத் தரம் பிரிப்பார்கள். நீளத் தண்டும் நிமிர்ந்த மொட்டும் விமானம் ஏறும். தண்டு குட்டையானது, கழுத்து வளைந்தது, இதழ் கன்றியது எல்லாம் ஒரு பக்கமாக ஒதுங்கும். அந்தக் குவியலைக் காட்டிக் கேட்டால் பதில் ஒரே சொல்: "லோக்கல்." நல்லது வெளியே போனபின் மிஞ்சுவது என்று இங்கே அர்த்தம். செடி, மண், தண்ணீர், பறித்த கை எல்லாம் ஒன்றே. தரம் பிரிக்கும் மேசையில்தான் ஒரு பூ லோக்கலாகிறது.

பூவுக்கும் பிரேக் ஷூவுக்கும் நடப்பதை ரசித்துவிட்டுப் போகலாம். மனிதர்களுக்கு நடக்கும்போது அப்படிப் போக முடியாது.

சிப்காட் நிறுவனம் 1971இல் தொடங்கப்பட்டது. அது அமைத்த தொடக்க கால வளாகங்களில் ஒன்று ஓசூர். 1980 வாக்கில் அசோக் லேலண்டும் டிவிஎஸ்ஸும் உற்பத்தியைத் தொடங்கின. பெங்களூரு வசதிகளின் அருகில், தமிழ்நாட்டுச் சலுகைகளோடு என்பதுதான் இந்த ஊரின் கணக்கு. டாடா குழுமமும் தமிழக அரசின் டிட்கோவும் கைகோர்த்து உருவாக்கிய டைட்டன் கடிகார ஆலை 1980களின் பிற்பகுதியில் வந்தது. டாடா இண்டஸ்ட்ரீஸின் முதலெழுத்துகளும் தமிழ்நாட்டின் ஆங்கிலப் பெயர்ச்சுருக்கமும் சேர்ந்ததுதான் 'டைட்டன்' என்ற பெயர். பிரெஞ்சுத் தொழில்நுட்பத்தை வாங்கிய அந்த ஆலை, நுண்ணிய வேலைக்குப் பெருநகர அனுபவசாலிகளை மட்டும் நம்பியிருக்கவில்லை. சுற்றுவட்டார மாவட்டங்களின் கிராமங்களில் பள்ளிப் படிப்பு முடித்திருந்த பதின்வயதினரைச் சேர்த்துக் கடிகாரம் கோக்கக் கற்றுக்கொடுத்தது. அரசுப் பள்ளியில் படித்து, மிதிவண்டியில் சென்று வந்த பிள்ளைகள் கைப்பட்ட கடிகாரத்தை இந்திய நடுத்தர வர்க்கம் வெளிநாட்டுப் பொருளுக்கு ஈடாகக் கட்டிக்கொண்டு நடந்தது. அந்தக் கடிகாரத்தை எவரும் லோக்கல் என்றதில்லை.

அதன்பின் நாற்பது ஆண்டுகளுக்கு நெருக்கமாகிவிட்டது. 2004இல் கிருஷ்ணகிரி தனி மாவட்டமானது, 2019இல் ஓசூர் மாநகராட்சியானது. இன்று 'லோக்கல் ஆளுங்களுக்கு வேலை' என்ற கோரிக்கை இம்மாவட்டத்தில் எல்லாக் கட்சி மேடைகளிலும் ஒலிக்கிறது. கேட்பவர்களிடம் யார் லோக்கல் என்று திருப்பிக் கேட்டால்தான் சிக்கல் தொடங்கும்.

ஓசூர், தளி, தேன்கனிக்கோட்டை வட்டாரங்களில் வீட்டுக்குள் தெலுங்கோ கன்னடமோ உருதுவோ பேசும் குடும்பங்கள் தலைமுறைகளாக இருக்கின்றன. 'ஹொஸ ஊரு', அதாவது புதிய ஊர் என்ற பெயரே கன்னடம்தான். 2024 ஜூனில் கிருஷ்ணகிரி மக்களவை உறுப்பினர் கோபிநாத் நாடாளுமன்றத்தில் பதவியேற்றபோது உறுதிமொழியைத் தெலுங்கில் எடுத்துக்கொண்டு தமிழில் முடித்தார். வெளியூர்க்காரர்கள் சிலர் புருவம் உயர்த்தினார்கள், ஓசூரில் யாருக்கும் அது வியப்பில்லை. எண்பதுகளில் மதுரை, திருச்சி, சேலம், வேலூர்ப் பக்கமிருந்து ஐடிஐ சான்றிதழோடு வந்து இறங்கியவர்கள் இப்போது பேரப்பிள்ளை கண்டுவிட்டார்கள். அவர்கள் லோக்கலா? நிலத்தைத் தொழிற்பேட்டைக்குக் கொடுத்துவிட்டு அதே நிலத்தில் எழுந்த ஆலையின் வாசலில் காவலாளியாக நிற்பவர் லோக்கலா? அவரைப் பார்த்து "நீங்க கர்நாடகாவா?" என்று கேட்கும் தஞ்சாவூர்க்கார மேலாளர் லோக்கலா? ஒவ்வொருவரும் தன்னை உள்ளே வைத்துத்தான் வட்டத்தைப் போடுகிறார்கள்.

ஆலைகளின் பக்கத்திலிருந்து பார்த்தால் அதே சொல் வேறு முகம் காட்டும். மேம்பாலத் தூண்களில் ஒட்டியிருக்கும் ஆள்தேவை நோட்டீஸ்களில் 'தங்கி வேலை செய்ய ஆட்கள் தேவை, உணவும் தங்குமிடமும் இலவசம்' என்பது வழக்கமான வாசகம். தங்கி வேலை செய்பவர் என்றால் வெளியூர்க்காரர். ஒப்பந்தக்காரர்களின் பேச்சில் இது இன்னும் பச்சையாக வரும்: "லோக்கல் ஆளுங்கன்னா திருவிழாவுக்கு லீவு, சாவுக்கு லீவு, ஏதாவது கேட்டா பத்துப் பேரைக் கூட்டிட்டு வந்திடுவாங்க." இந்தியத் தொழில் மண்டலங்கள் பலவற்றிலும் சொல்லப்படும் காரணம்தான் இது. உள்ளூர்த் தொழிலாளிக்கு வீடு, உறவு, ஊர், ஓட்டு எல்லாம் பக்கத்திலேயே இருக்கின்றன. வேலை போனாலும் சோறு போடும் வீடு இருப்பதால் அவரால் முதலாளியிடம் பேச முடிகிறது. அந்தப் பேசும் வலிமைக்கு மனிதவளத் துறை வைத்திருக்கும் பெயர் 'லோக்கல் பிரச்சினை'.

நியாயமாகச் சொல்லவேண்டிய ஒன்றும் இருக்கிறது. அந்தப் பிரச்சினை முழுக்கக் கற்பனை அல்ல. ஆலையின் கழிவு இரும்பை எடுக்கும் ஒப்பந்தம், கேன்டீன், ஆட்களை ஏற்றிவரும் வேன் ஆகியவற்றில் 'லோக்கல்ல பார்த்துக்கணும்' என்ற பேச்சு எந்தத் தொழிற்பேட்டையிலும் உண்டு. அங்கே லோக்கல் என்பது வேலை தேடும் இளைஞரைக் குறிக்காது. கட்சிக் கரை வேட்டியோடும் இரண்டு காரோடும் வருகிற ஒருவரைக் குறிக்கும். அவர் ஒப்பந்தத்தை வாங்கிக்கொண்டு போய்விடுவார். அவர் சம்பாதித்துக்கொடுத்த கெட்ட பெயர் நேர்முகத் தேர்வு வரிசையில் நிற்கும் பையன் தலையில் விழும்.

ஓசூர் அருகே டாடா எலெக்ட்ரானிக்ஸ் அமைத்த ஐபோன் பாக ஆலையைச் சுற்றி எழுந்த விவாதத்தையும் இந்தப் பின்னணியில்தான் பார்க்கவேண்டும். 2022 நவம்பரில் ஒன்றிய அமைச்சர் அஷ்வினி வைஷ்ணவ் அந்த ஆலையில் 60,000 பேர் வேலை செய்வார்கள் என்றும், அதன் தொடக்கத் தொழிலாளர்களில் ராஞ்சி, ஹசாரிபாக் பகுதிகளின் பழங்குடிப் பெண்கள் ஏறக்குறைய 6,000 பேர் என்றும் பெருமையோடு அறிவித்தார். ஜார்க்கண்டில் அது நல்ல செய்தி. கிருஷ்ணகிரியில் அதே செய்தி கோபத்தைக் கிளப்பியது. இரண்டு உணர்ச்சிகளும் பொய்யல்ல. ஆனால் கோபத்தின் ஒரு பகுதி, விடுதியிலிருந்து பேருந்தில் ஆலைக்கும் ஆலையிலிருந்து பேருந்தில் விடுதிக்கும் போய்வரும் அந்தப் பெண்கள் மேலேயே திரும்பியது சரியல்ல. ஊர் தெரியாத, மொழி தெரியாத, பேச ஆளில்லாத நிலைதான் அவர்களை வேலைக்கு 'வசதியானவர்கள்' ஆக்கியிருக்கிறது என்றால், லோக்கல் இளைஞர் இழந்ததும் ஜார்க்கண்ட் பெண் இழந்ததும் ஒரே கணக்கின் இரண்டு பத்திகள்.

சட்டத்தால் இதைத் தீர்த்துவிடலாம் என்று பல மாநிலங்கள் முயன்றன. மாதம் 30,000 ரூபாய்க்குக் குறைவான தனியார் வேலைகளில் 75 சதவீதத்தை உள்ளூர்க்காரர்களுக்கு ஒதுக்கிய ஹரியானா சட்டத்தை பஞ்சாப், ஹரியானா உயர் நீதிமன்றம் 2023 நவம்பரில் அரசியல் சாசனத்துக்கு முரணானது என்று ரத்து செய்தது. இந்தியக் குடிமகன் எங்கும் போய் வசிக்கலாம், தொழில் செய்யலாம் என்ற உரிமை குறுக்கே நிற்கிறது. திமுகவின் 2021 தேர்தல் அறிக்கையிலும் 75 சதவீத வாக்குறுதி இருந்தது. அது சட்டமாக மாறவில்லை.

எல்லைக்கு அந்தப் பக்கம் நடந்தது ஓசூர்க்காரர்களுக்கு நல்ல பாடம். 2024 ஜூலையில் கர்நாடக அமைச்சரவை ஒரு மசோதாவுக்கு ஒப்புதல் தந்தது. தொழிற்சாலைகளில் மேலாண்மைப் பணிகளில் 50 சதவீதமும் மற்றப் பணிகளில் 70 சதவீதமும் உள்ளூர்க்காரர்களுக்கு என்றது அது. கர்நாடகத்தில் பிறந்து, 15 ஆண்டு வசித்து, கன்னடம் பேச, படிக்க, எழுதத் தெரிந்தவரே லோக்கல் என்றும் வரையறுத்தது. தொழில்துறை கூச்சலிட்டதும் சில நாள்களிலேயே மசோதா நிறுத்திவைக்கப்பட்டது. அது சட்டமாகியிருந்தால், தினமும் ஜூஜூவாடி சோதனைச் சாவடியைத் தாண்டி அத்திப்பள்ளி, பொம்மசந்திரா, ஜிகணி, எலெக்ட்ரானிக் சிட்டி என்று வேலைக்குப் போகும் ஓசூர் ஆட்கள் சில கிலோமீட்டர் தூரத்திலேயே அந்நியர் ஆகியிருப்பார்கள். வீட்டில் கன்னடம் பேசும் தளிக்காரரும் அதில் தேறியிருக்கமாட்டார். 2025 ஆகஸ்ட்டில் பெங்களூரு மெட்ரோவின் மஞ்சள் தடம் பொம்மசந்திரா வரை வந்தபிறகு, அதை ஓசூர் வரை நீட்டவேண்டும் என்ற கோரிக்கை இன்னும் பலமாகியிருக்கிறது. இங்கே லோக்கலுக்கு வேலை வேண்டும், அங்கே லோக்கல் பார்க்கக்கூடாது என்று ஒரே வாயால் கேட்க வேண்டிய நிலை. அது ஓசூரின் குற்றமல்ல, புவியியல்.

இவ்வளவு வழவழப்பான சொல்லை ஒன்றிய அரசு ஓர் இடத்தில் மட்டும் இறுக்கிப் பிடித்திருக்கிறது. 2020 மே மாதத்தில் பிரதமர் மோடி உள்ளூர்ப் பொருளுக்காகக் குரல் கொடுக்கச் சொல்லி 'வோக்கல் ஃபார் லோக்கல்' என்ற முழக்கத்தை முன்வைத்தார். முழக்கம் காற்றோடு போகும். ஆனால் அரசுக் கொள்முதலுக்கான 2017ஆம் ஆண்டு ஆணையும் அதன் திருத்தங்களும் சதவீதம் பேசுகின்றன. ஒரு பொருளின் மதிப்பில் 50 சதவீதமோ அதற்கு மேலோ உள்நாட்டில் சேர்ந்திருந்தால் அதை விற்பவர் முதல்வகை லோக்கல் சப்ளையர், 20 சதவீதத்திலிருந்து 50க்குள் என்றால் இரண்டாம் வகை. அந்தச் சதவீதத்தை நிறுவனம் எழுத்தில் உறுதிசெய்து தரவேண்டும், பொய் சொன்னால் நடவடிக்கை உண்டு. அங்கே லோக்கல் என்பது ஒப்பந்தம் பெற்றுத்தரும் தகுதி.

ஸ்கூட்டரின் மோட்டாரில் எத்தனை சதவீதம் லோக்கல் என்று அளந்து எழுதிக்கொடுக்க முடிகிற நிறுவனத்துக்கு, அதைப் பூட்டும் கைகளில் எத்தனை ஊத்தங்கரையிலிருந்தும் அஞ்செட்டியிலிருந்தும் வந்தவை என்று சொல்லத் தெரியாமலா இருக்கும்? வருகைப் பதிவேட்டில் முகவரி இருக்கிறது, ஆதார் நகல் இருக்கிறது, வருங்கால வைப்பு நிதிக் கணக்கு இருக்கிறது. கேட்பவர் இல்லை என்பதுதான் குறை. 2020 டிசம்பரில் ஓலா எலெக்ட்ரிக் போச்சம்பள்ளி ஆலைக்காகத் தமிழக அரசோடு ஒப்பந்தம் போட்டபோது 2,400 கோடி ரூபாய் முதலீடு, 10,000 வேலை என்ற எண்கள் எல்லா நாளேடுகளிலும் வந்தன. அடுத்த ஆண்டு, முழுக்கப் பெண்களே நடத்தும் ஆலையாக அது இருக்கும் என்ற அறிவிப்பும் வந்தது. இப்படிப்பட்ட அறிவிப்புகளில் வேலையின் எண்ணிக்கை இருக்கும், முதலீட்டின் அளவு இருக்கும், ஏக்கர் கணக்கும் இருக்கும். எந்த வட்டத்து ஆட்களுக்கு எத்தனை என்ற வரி மட்டும் இருக்காது.

ஒதுக்கீடு வேண்டாம், நீதிமன்றத்தில் அது நிற்கவும் நிற்காது. அரசு நிலமும் மின்சாரச் சலுகையும் மானியமும் வாங்கும் ஒவ்வொரு ஆலையும் ஆண்டுக்கொரு முறை ஒரு பட்டியலை வெளியிடட்டும். நிலம் கொடுத்த குடும்பங்களிலிருந்து எத்தனை பேர், மாவட்டத்தின் ஒவ்வொரு வட்டத்திலிருந்தும் எத்தனை பேர், பிற மாவட்டத்தார், பிற மாநிலத்தார் எத்தனை பேர், அவர்களில் நிரந்தரம் எத்தனை, ஒப்பந்தம் எத்தனை என்பது அதில் இருக்கவேண்டும். பெயர் வேண்டாம், எண் போதும். கிருஷ்ணகிரி மாவட்ட ஆட்சியரகமே இதைத் தொகுத்துத் தன் இணையதளத்தில் போடலாம், புதுச்சட்டம் எதுவும் தேவையில்லை. சலுகை ஒப்பந்தத்தில் ஒரு பிரிவைச் சேர்த்தால் போதும். அடுத்த ஒப்பந்தம் சென்னையில் கையெழுத்தாகும் முன் அந்தப் பிரிவு அதில் இருக்கிறதா என்று கேட்க வேண்டியவர்கள், லோக்கலுக்கு வேலை என்று மேடையில் முழங்கும் இம்மாவட்டத்து மக்கள் பிரதிநிதிகள்தான்.